கையுறை போட்டுத் தொட்ட சீட்டு

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும். பிறகுதான் மூளைக்குச் செய்தி போகும். அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான் நடந்தது.

மயிலாப்பூர் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பேர். நான் வேலை பார்க்கும் சின்ன அருங்காட்சியகம் மாதம் ஒரு முறை நடத்துகிற தெருநடை அது. வீதிகளையும் பழைய வீடுகளையும் காட்டி, கதை சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு காபியோடு முடிப்போம். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. நாலாவது தடவை, "ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன்.

"மா, நாந்தான். நீ குடுத்தியே டோக்கன், அது என்னுது இல்ல மா."

"என்னக்கா சொல்றீங்க? போன வாரம் நான்தானே என் கையால உங்க கையில குடுத்தேன்?"

"உன் கையாலதான் குடுத்த. யாரு இல்லன்னா? ஆனா என்னுது இல்ல. என்னுதுல நடு மடிப்புல சோத்துப் பருக்க வச்சி ஒட்டிகீறேன். விரல வச்சா தட்டுப்படும். இது இன்னாடான்னா வழுவழுன்னு கீது. திங்கக்கெழம பத்து மணிக்கு ஒரிஜினல எட்த்துக்கினு ஆபீசுக்கு வரச் சொல்லிகீறாங்க. எனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல மா."

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு நான் யாருக்கும் சொல்லவில்லை. கூட வந்த தன்னார்வலரிடம் அந்த இருபது பேரையும் ஒப்படைத்துவிட்டு, அருங்காட்சியகத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அந்த அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அபிராமபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் அடையாற்றின் கரையில். ஒரு காலத்தில் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் குடும்பத்துக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். குடிசை எண், வீட்டுக்காரர் பெயர், அக்காவின் கைநாட்டு, வட்ட முத்திரை, பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதைத்தான் அவர்கள் டோக்கன் என்பார்கள். பிறகு குடிசைகளைப் பிரித்து எல்லாரையும் ஊருக்கு வெளியே கட்டிய வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்ட வாரம், அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தார். திரும்பி வந்தபோது குடிசையும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. 'வரவில்லை' என்று எழுதிவிட்டார்கள். கணவரும் போய்விட்டார். அன்றிலிருந்து மகளோடு அடையாறில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் விடாமல் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வீடு வர வேண்டியிருக்கிறது என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சீட்டுதான்.

அதைத்தான் நான் போய்க் கேட்டு வாங்கினேன்.

ஆற்றோரம் வாழ்ந்தவர்களின் பொருட்களை அவர்களிடமே கேட்டு வாங்கி ஒரு கண்காட்சி வைத்தோம். யோசனை என்னுடையதுதான். குடம் வந்தது, பள்ளிக்கூடப் பை வந்தது, ஒரு கதவுகூட வந்தது. அக்காவிடம் போனபோது அவர் தெளிவாகச் சொன்னார்: "பருப்பு கடையற மத்த எட்த்துக்கோ. சொம்பு எட்த்துக்கோ. இத்த மட்டும் கேக்காத." மத்து எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. எனக்குச் சீட்டுதான் வேண்டியிருந்தது. அசல் ஆவணம் இல்லாமல் என்ன கண்காட்சி என்று மேடை மேடையாகப் பேசுகிறவள் நான். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, "என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்க்கா" என்றேன். எனக்குப் பெண்ணே கிடையாது, ஒரு பையன்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா நம்பிக் கொடுத்தார்.

வாங்கி வந்ததும் இரண்டு நகல் எடுத்தேன். அசல் அதிக நாள் வெளிச்சத்தில் இருந்தால் மை வெளுத்துவிடும் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் நகலைத்தான் வைப்போம். இன்னொன்று பள்ளிப் பெட்டிக்கு. பள்ளிப் பெட்டி என்பது ஒரு தகரப் பெட்டி. கண்காட்சிக்கு வர முடியாத பள்ளிகளுக்கு நாங்களே அனுப்பிவைப்போம், பிள்ளைகள் எல்லாவற்றையும் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம். நகல் எடுப்பதில் எனக்கு ஊரில் கொஞ்சம் பெயர் உண்டு. பழைய நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைச் சேர்த்து வைத்திருப்பேன். அதில் இரண்டு பக்கமும் அச்செடுத்து, டீத்தண்ணீரில் முக்கி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, அசல் எங்கே மடிந்திருக்கிறதோ அங்கேயே மடிப்பேன். பார்த்தால் அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கும். அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை வேறு.

இப்படி எடுப்பதில் ஆபத்து இருப்பதால்தான் எங்களிடம் ஒரு விதி. நகல் தயாரானதும் பின்பக்கம் சிவப்பு மையில் 'நகல்' என்று முத்திரை குத்திவிட வேண்டும். குத்தாமல் மேஜையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் மூன்று தாள்களையும் மேஜையில் வைத்துக்கொண்டு முத்திரையை எடுத்தபோது, பந்தல்காரர் வந்து கூப்பிட்டார். எழுந்து போனேன். திரும்பி வந்து இரண்டு தாள்களில் குத்தினேன். முத்திரை இல்லாத மூன்றாவதை அசல் என்று உறையில் போட்டு அலமாரியில் பூட்டினேன். கண்காட்சி முடிந்ததும் அந்த உறையைத்தான், நன்றிக் கடிதத்தோடு, அக்காவிடம் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த நகலை வெளியே எடுத்தேன். பழக்கதோஷம், கை தானாகப் போய் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டது. ஆவணம் எதையும் நாங்கள் வெறுங்கையால் தொடுவதில்லை. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், வியர்வை இருக்கும், தாள் கெட்டுவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை நானே திட்டியிருக்கிறேன். கையுறையோடு நடு மடிப்பைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் கையுறைதான் போட்டிருந்தேன். மூன்று தாளையும் கையுறையோடுதான் தொட்டேன். சோற்றுப் பருக்கை எப்படித் தட்டுப்படும்?

கழற்றி எறிந்துவிட்டு வெறும் விரலால் தடவினேன். வழுவழு. அப்படியானால் இதுவும் நகல். அக்காவிடம் இருப்பதும் நகல். அசல் பள்ளிப் பெட்டியில் இருக்கிறது. பிள்ளைகளே எடுத்துத் தொட்டுப் பாருங்கள் என்று நானே மூடியில் எழுதி ஒட்டிய பெட்டியில்.

பெட்டி அப்போது பாலவாக்கத்தில் ஒரு பள்ளியில் இருந்தது. பள்ளி விடுமுறை. அந்த வகுப்பு ஆசிரியையின் எண் என்னிடம் இருந்தது, நல்லவேளை. "வாங்க மேடம், வீடு பக்கத்துலதான், சாவியை வாங்கித் திறந்து வைக்கிறேன்" என்றார். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்தேன். அடையாறு பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தேன், கரையில் அவர்கள் இருந்த இடம் வெறுமையாகப் புல் முளைத்துக் கிடந்தது. எவ்வளவு தடவை இந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டி ஆட்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவே கூசியது.

திருவான்மியூர் தாண்டியபோது இன்னொன்று உறைத்தது. அசல் பெட்டியில் இருக்கிறது என்றால், அதன் முதுகில் சிவப்பு முத்திரை இருக்கும். குத்தியது நான். அறிவுகெட்ட கழுதை, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், சுறுசுறுப்பான பெண். பெட்டி மேஜைமேல் இருந்தது. திறந்தேன். சீட்டு மேலாகவே இருந்தது. மின்னியது. ஏன் மின்னுகிறது என்று புரிய எனக்கு இரண்டு மூச்சு ஆயிற்று.

"லேமினேட் பண்ணிட்டேன் மேடம்" என்றார் அவர் சந்தோஷமாக. "ஒரு பொண்ணு, மிஸ் இதுல சோறு ஒட்டிக்கினு கீதுன்னு சொன்னா. சாப்பிட்ட கையோட யாரோ தொட்டுட்டாங்கன்னு நெனச்சு லேசா சுரண்டிப் பார்த்தேன். கிழியற மாதிரி வந்துச்சு. ஐயோ, மியூசியம் பொருளாச்சேன்னு பயந்து, கடையில குடுத்து..."

அவர் முகம் மாறியது. என் முகத்தைப் பார்த்திருப்பார்.

"மேடம், இது காப்பிதானே? பின்னாடி போட்டிருக்கே?"

நான் அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் என்ன தப்புச் செய்தார்? நகல் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைக்கூடக் கிழியாமல் பார்த்துக்கொண்டார். அந்த வகுப்பில் பெயர் தெரியாத ஒரு குழந்தை, வெறுங்கையால் தொட்டதும் கண்டுபிடித்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த வேலையில் குப்பை கொட்டிய எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அழுதும் விட்டேன்.

மத்தியானம் அபிராமபுரத்தில் அக்கா வேலை செய்யும் வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். சீட்டை நீட்டினேன். வாங்கியதும் முதலில் கட்டைவிரலால் நடு மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்கு அடியில் அந்த மேடு லேசாகத் தட்டுப்பட்டது போலிருக்கிறது.

"இதான் மா என்னுது. ஆனா இன்னாத்துக்கு கண்ணாடித் தாளு சுத்திகீற?" என்று திருப்பினார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். "இன்னா மா இது செவப்பா?"

"நகல்னு அக்கா."

"அப்டின்னா?"

"காப்பின்னு."

அக்கா அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"என் டோக்கன் மேல காப்பின்னு நீ எழுதிட்டியா?"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"அந்த ஆத்துல வெள்ளம் வந்தப்பகூட இத்த ஜாக்கெட்டுக்குள்ள சொருவிக்கினு மாடி மேல ஏறினேன். ஒரு சொட்டுத் தண்ணி படல. உன் மியூசியத்துக்கு வந்து..." முடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "திங்கக்கெழம அவங்க கேட்டா நான் இன்னா மா சொல்றது?"

"நான் கூட வரேன்க்கா. எங்க மியூசியத்துலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வரேன். நான் சொல்றேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எங்கள் டைரக்டரின் முகம் கண்முன் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டைரக்டர் வீட்டுக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம், அந்தத் தெருவில் எந்தக் கல்லுக்கும் அவரிடம் கதை உண்டு. ஆனால் எழுத்தில் எதுவும் வெளியே போகிறது என்றால் அவருக்குக் கை நடுங்கும்.

முழுவதும் கேட்டார். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவாளுக்கு அசல் போய்ச் சேந்துடுத்தோல்லியோ?"

"சேர்ந்துடுச்சு சார். ஆனா நகல்னு முத்திரையோட."

"அப்புறம் என்ன? அந்த ஆபீஸ்காரா திருப்பிக்கூடப் பாக்க மாட்டா. நாம பாட்டுக்கு லெட்டர்ஹெட்ல, நாங்கதான் தப்பு பண்ணிட்டோம்னு எழுதிக் குடுத்துண்டு... ஏம்மா, இன்னும் நாப்பது பேர்ட்டேர்ந்து சாமான் வாங்கிண்டு வந்து வெச்சிண்டிருக்கோம். அவா காதுல விழுந்தா?"

"சார், அந்தம்மாவுக்கு வீடு போயிடும்."

"போகாது, போகாது. நீ வேணும்னா பர்சனலா கூடப் போய்ட்டு வா. லெட்டர் மட்டும் கேக்காதே."

எனக்கு வந்த கோபத்தில் அவர் மனைவி கொண்டுவந்த காபியைக்கூடத் தொடவில்லை. தெருவில் இறங்கி நடக்கும்போதுதான், திருப்பிப் பார்க்காமல் இருந்துவிட்டால் என்று எனக்கும் ஒரு நப்பாசை ஓடியது. ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. அக்கா தனியாகப் போய், அவர்கள் திருப்பிப் பார்க்காமல் விட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தால், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கச்சேரி ரோடு முனைவரை அந்த நப்பாசை கூடவே வந்தது.

அருங்காட்சியகச் சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய் மூன்று பொருட்களை எடுத்துப் பையில் போட்டேன். சிவப்பு மைப் பெட்டியோடு அந்த முத்திரை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த நகல். பிறகு பொருள் பதிவேடு. எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் அது எப்படி இருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று எழுதிவைக்கிற தடி நோட்டு அது. கட்டடத்தைவிட்டு வெளியே போகவே கூடாது என்பது விதி. அதற்காகப் பிறகு மெமோ வாங்கினேன். வாங்கினால் வாங்கினேன், போகட்டும்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே அலுவலக வாசலில் அக்கா நின்றிருந்தார். நல்ல புடவை, தலையில் கனகாம்பரம். கையில் சாப்பாட்டு டப்பா வைத்த கட்டைப்பை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். "லெட்டரு?" என்றார். "இல்லக்கா" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் டர்ன் வருகிறவரை இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. அக்கா கட்டைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். சீட்டை வாங்கிப் பெரிய பதிவேட்டோடு ஒப்பிட்டார். குடிசை எண் சரி. பெயர் சரி. கைநாட்டை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். ஒரு நொடி, டைரக்டர் சொன்னது சரியாகிவிடும் போலிருந்தது. திருப்பினார்.

"இதுல நகல்னு போட்டிருக்கே."

அக்கா என்னைப் பார்த்தார்.

"மேடம், அது அசல்தான். முத்திரையைத் தப்பாக் குத்தினது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"நீங்க யாரு?"

சொன்னேன். எங்கே வேலை, எப்படி வாங்கினேன், எப்படி நகல் எடுத்தேன், எல்லாவற்றையும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"மியூசியத்துலேர்ந்து லெட்டர் இருக்கா?"

"இல்ல மேடம். எங்க டைரக்டர் தர மாட்டேன்னுட்டார். இதெல்லாம்தான் இருக்கு."

பையிலிருந்து எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தேன். ஒரு வெள்ளைத் தாளில் முத்திரையைக் குத்திக் காட்டினேன். எழுத்தைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் ஒரு மூலை தேய்ந்து உடைந்திருக்கும். சீட்டின் முதுகிலும் அதே மூலை உடைந்திருந்தது. பதிவேட்டைத் திறந்து அக்காவின் பக்கத்தைக் காட்டினேன். சீட்டு வந்த அன்று என் கையெழுத்தில் எழுதியிருந்ததை அவர் சத்தமாகவே படித்தார்: "நடு மடிப்பில் கிழிசல். சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டுள்ளது. உரிமையாளர் சொன்ன தகவல்."

எழுதியிருக்கிறேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதி, மறந்தும் போயிருக்கிறேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, லேமினேஷனுக்கு மேலே விரலால் தடவினார். பிறகு என் நகலைத் தடவினார். அக்காவும் தன்னிடம் இருந்த நகலை எடுத்து நீட்டினார், அதையும் தடவினார். மறுபடி அசல். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மடிப்பில் சின்னச் சின்னதாகக் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன.

"கொழுந்தன் கல்யாணத்தன்னிக்கு ஒட்டினது மேடம்" என்றார் அக்கா. "புழுங்கரிசி சோறு. பச்சரிசி நிக்காது."

அதிகாரி சிரிக்கவில்லை. "நீங்க சொன்னதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா உங்களத்தான் கூப்பிடுவாங்க" என்றார் என்னிடம். எழுதினேன். இத்தனை வருஷமாகக் கண்காட்சிகளுக்கு எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தில்தான் எழுத்து கோணல்மாணலாக வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, அக்காவின் கோப்பைப் பிரித்தார். என் கடிதத்தை உள்ளே வைத்தார். அதன்மேல் சீட்டை வைத்தார். துளை போடும் மெஷினை இழுத்து, லேமினேஷனோடு சேர்த்து அழுத்தினார். சீட்டில் இரண்டு ஓட்டை விழுந்தது. நூலைக் கோத்துக் கட்டினார்.

அக்கா எழுந்துவிட்டார். "மேடம், அது என்னுது."

"அசல் கோப்புலதாம்மா இருக்கணும். சேர்த்தாச்சு. உங்களுக்கு ஒதுக்கீட்டு ஆர்டர் வரும்."

"திருப்பித் தர மாட்டீங்களா?"

"அதான் வீடே தரப்போறோமே. ஆர்டர் வீட்டுக்குத் தபால்ல வரும்."

"எந்த வூட்டுக்கு மேடம்?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை இழுத்து, வாடகை அறையின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டோம்.

வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடி மேடையில் உட்கார்ந்தேன். "கெடச்சிடுச்சுக்கா" என்றேன், திரும்பத் திரும்ப. அக்கா "ஆமா மா, கெடச்சிடுச்சி" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் கண் அந்த அலுவலகக் கதவிலேயே இருந்தது. பிறகு டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு வாய் தயிர்சாதம் தந்தார். நான் சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா கட்டைப்பையிலிருந்து அந்த நகலை எடுத்தார். முத்திரை குத்தாதது, நான் அசல் என்று கொடுத்தது. மடியில் விரித்தார். டப்பாவின் ஓரத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, தயிர் போகப் புடவை முந்தானையில் துடைத்து, விரல் நுனியில் மசித்து, நடு மடிப்பில் வைத்துத் தேய்த்தார். அந்த இடத்தில் கிழிசல் இல்லை. கிழிசலின் படம்தான் இருந்தது. அந்தப் படத்தின் மேலேயே ஒட்டினார். ஊதிக் காயவைத்தார். கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

காற்று அடித்தது. ஒரு கையில் சீட்டு, மடியில் திறந்த டப்பா. மூட முடியாமல் திணறினார்.

"குடுங்கக்கா, நான் புடிச்சிக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாம் மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சீட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் டப்பாவை அழுத்தி மூடினார்.